நித்தியானந்தனின் இத்தாலிக் குசினி

ஊதுபத்தியைக் கொளுத்தி, யன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார் நித்தியானந்தன். மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். மேல் மூலைக்கு வந்ததும் புகை சட்டென்று உள்ளே வளைகிறது. "வருது, வருது. கள்ளக் காத்து வருது," என்கிறார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்த யன்னலுக்கு நகர்கிறார்.

கோயிலில் பழக்கமான ராதா ஒருநாள் பிரசாதம் கொடுக்க வந்தவர், வீடு முழுக்க ஊதுபத்தி வாசனையையும் ஒவ்வொரு யன்னலின் முன்னும் பயபக்தியோடு நிற்கும் மனிதரையும் கண்டு கைகூப்பிவிட்டார். "எவ்வளவு பக்தி பாருங்க. எங்க வீட்டுக்காரர் சாமி ரூம் பக்கமே வரமாட்டார்," என்றார். விமலாதேவி திருத்தவில்லை. புருஷன் காற்றுப் பிடிக்கிறார் என்று சொல்வதைவிட, சாமி கும்பிடுகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பது மேல் என்று விட்டுவிட்டார்.

வீடு ஆஸ்திரேலியாவில், மெல்பேர்னின் ஓரமாக, த பேசின் என்ற மலையடிவார ஊரில் இருக்கிறது. பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக விமலாதேவி ஆசைப்பட்டு வாங்கிய பழைய பலகை வீடு. அவர்கள் பார்க்க வந்தது மாசி மாதத்தில், இந்த நாட்டுக் கோடையில். வெளியே வெயில் கொளுத்த, பலகைகளின் இடுக்கால் காற்று உள்ளே குளுகுளுவென்று வந்தது. நல்ல காத்தோட்டம் என்று இரண்டு பேரும் மகிழ்ந்துபோனார்கள். அந்தக் காத்தோட்டம் ஆனி ஆடியில் என்ன செய்யும் என்பதை வீடு விற்றவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகி ஐப்பசி வரை இளகவில்லை. விமலாதேவி கம்பளித் தொப்பியோடு படுக்கப் பழகிக்கொண்டார்.

நித்தியானந்தனுக்கு வேலை டண்டினாங் பக்கத்தில் ஓர் உறைகுளிர்க் கிடங்கில். இறைச்சியும் மீனும் ஐஸ்கிரீமும் கூரை முட்ட அடுக்கியிருக்கும் அந்த மண்டபத்தின் கதவுகளும் இயந்திரங்களும் அவர் பொறுப்பு. அங்கே ஒரு கதவு தேவைக்கு மேல் திறந்திருந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்தாளி வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றினால், "உள்ளை வந்து கழட்டுங்கோ, கதவு, கதவு," என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. இந்த வீட்டை ஒருநாள் சூடாக்கிக் காட்டுவேன் என்பதற்கு அவர் சொல்லும் நியாயமும் அங்கிருந்து வந்ததுதான். "இவ்வளவு காலமாக் குளிரை வெளியாலை போகவிடாமல் வச்சிருக்கிறன். சூட்டை வச்சிருக்கேலாதோ? ரெண்டும் ஒரே கதைதான். பக்கம்தான் வேறை."

அந்தக் கதைக்குள் இத்தாலி நுழைந்தது அவருடைய தம்பி கபிலனால். கபிலன் பொலோஞ்ஞா நகரத்தில் ஓர் உணவகத்தில் சமையல் செய்கிறார். ஒரு தை மாதத்தில் அண்ணனும் அண்ணியும் அங்கே போய் நின்றார்கள். தெருவில் பனி கொட்டிக் கிடந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்குள்ளோ கபிலனின் பிள்ளைகள் பெனியனோடு ஓடித் திரிந்தார்கள். அந்தக் காலத்துத் தடித்த சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, இருட்டியதும் யன்னலுக்கு வெளியே இழுத்துச் சாத்தும் பச்சை மரக் கதவுகள், சுவரோரம் சுடுதண்ணீர் ஓடும் இரும்பு ரேடியேற்றர்கள். குசினியில் ஒரு பழைய விறகடுப்பு. வீடே அதைச் சுற்றித்தான் கூடியிருந்தது. விமலாதேவி ஊர் பார்க்கப் போனார். கணவர் சுவர் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

திரும்பி வரும்போது அவருடைய பெட்டிக்குள், துவாயில் சுற்றியபடி, கபிலன் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சுரண்டியெடுத்த ஒரு பூச்சுத் துண்டு இருந்தது. மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதை ஒளிக்காமல் எடுத்து நீட்டினார். ஊறுகாயும் கருவாடும் தேடிப் பழகிய அதிகாரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன சாப்பாடு என்று கேட்டார். "சுவர்," என்றார் நித்தியானந்தன். பக்கத்தில் நின்ற விமலாதேவிக்கு, வேறு யாருடனோ வந்தவர்போல் நகர்ந்து நின்றால் என்ன என்று தோன்றியது. அந்தத் துண்டு இப்போது சோகேசில், மகள் லக்சிகாவின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேலைக்கு ஆள் பிடித்தபோதும் இத்தாலியர்தான் வேண்டும் என்று நின்றார். அகப்பட்டவர் வின்ஸ். தாய் தகப்பன் இத்தாலியின் தென்கோடியிலிருந்து வந்தவர்கள். வின்ஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெல்பேர்னில். நித்தியானந்தனின் திட்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்கள் அம்மா அந்த மாதிரி வீட்டில் விறைத்துப்போய்த்தான் கப்பல் ஏறினார். பேசாமல் சூட்டுக்காற்றும் தருகிற ஓர் ஏசியைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இரு," என்று ஆங்கிலத்தில் புத்தி சொன்னார். நித்தியானந்தன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வின்ஸ் போனபிறகு மனைவியிடம் காரணம் சொன்னார்: "அவன் தெற்குப் பக்கத்து ஆள். தெற்காக்களுக்கு என்ன தெரியும்." வடக்கு உசத்தி, தெற்கு மட்டம் என்ற ஊர்ப் புத்தி கண்டம் தாண்டியும் விட்டுப்போகவில்லையே என்று விமலாதேவி தலையில் கைவைத்துக்கொண்டார்.

கிழமை நாட்களில் வின்ஸ் வேலை செய்வார். சனி ஞாயிறில் நித்தியானந்தன் அதைச் சோதிப்பார். திங்கட்கிழமை வின்ஸ் வந்து அதையே திருப்பிச் செய்வார். பலகைக்கு மேல் தக்கைத் தகடு, அதற்கு மேல் சுண்ணாம்பு, அது காய்ந்ததும் இன்னொரு சுண்ணாம்பு என்று சுவர்கள் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே வந்தன. சுவர் தடிக்கத் தடிக்க அறை சுருங்கியது. விமலாதேவியின் அலுமாரிக் கதவு இப்போது பாதிதான் திறக்கும். ஒரு சேலை எடுப்பதென்றால் தோளைச் சரித்துக் கையை விட்டுத் துழாவவேண்டும். கட்டிலின் ஒரு பக்கத்தால் இறங்க வழியே இல்லை. சொன்னால், "இத்தாலியிலை அறையள் சின்னன்தான்," என்று பதில் வரும். புட்டு அவித்தால் முகம் கறுக்கும்: "சுவர் காயிற நேரத்திலை நீர் ஆவியை விடுறீர்." உடுப்பை வீட்டுக்குள் காயப்போட்டால் அன்று முழுக்கக் கதை இல்லை. சுவருக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் தனக்கு இல்லையென்று விமலாதேவி ராதாவிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். பக்திமான்கள் அப்படித்தான் என்று ராதா ஆறுதல் கூறினார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்பே விளக்கம் வந்துவிடும். "சூடு எண்டது ஓரிடத்திலை நிக்காது. அது போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் செய்யிறது அதை மறிக்கிறது மட்டும்தான்," என்று தொடங்கினால் வந்தவர் எழும்பிப் போகும்வரை நிறுத்தமாட்டார். கேட்பவர் கதிரை நுனியில் இருந்து, கோட்டையும் கழற்றாமல், தலையாட்டிக்கொண்டிருப்பார். அவர் ஏன் கோட்டைக் கழற்றவில்லை என்று நித்தியானந்தன் ஒருநாளும் யோசித்ததில்லை.

இதெல்லாம் இப்படியே போயிருந்தால் விமலாதேவி வாயால் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் இந்த வருடத் தொடக்கத்தில் லக்சிகா ஃபோன் எடுத்து, ஆடி மாதத்தில் பிள்ளை பிறக்கும் என்று சொன்னாள். ஒரே மகள், முதல் பிள்ளை. விமலாதேவி ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

அழுததற்குக் காரணம் இருந்தது. லக்சிகா பிறந்தபோது விமலாதேவிக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை. தாய் இலங்கையில், வன்னியில்; விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளிர்ந்த சான்ட்விச்சைத் தின்றுவிட்டு வந்து, வாடகை வீட்டில் பச்சைத்தண்ணியில் தன் உடுப்பைத் தானே தோய்த்தார். இலை அவித்த சுடுதண்ணீர் வார்த்துவிடவும், மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சித் தரவும் ஆளில்லாமல் போன அந்த மாதத்தைப் பற்றி அவர் யாருக்கும் சொன்னதில்லை. தன் மகளுக்கு அது நடக்கக்கூடாது. பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் கழியும்வரை அவள் தாய் வீட்டில், தாய் கையால் சாப்பிட்டு, தாயின் கண்முன்னால் படுத்திருக்கவேண்டும். வாழ்க்கையில் விமலாதேவி ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

லக்சிகா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா, ஐ வான்ட் டு கம். பட் உங்கட வீடு ஃப்ரீசிங். ஹீட்டிங் ரெடி எண்டா வாறன். இல்லாட்டி மாமி வீட்டதான்." மாமி என்பது அவள் கணவன் பிரஷாந்தனின் தாய் சிவனேஸ்வரி. கிளென் வேவர்லியில் புது வீடு. ஒரு பொத்தானை அமத்தினால் தரையிலுள்ள துவாரங்களால் சூட்டுக்காற்று வீடு முழுக்க வரும். சிவனேஸ்வரி மரியாதை தெரிந்த மனுஷி. அதனாலேயே அவர் சொன்னது கூடுதலாகச் சுட்டது. "உங்களுக்கேன் சம்பந்தி இந்த வயசிலை கரைச்சல். இஞ்ச எல்லாம் ரெடியாக் கிடக்கு."

"ஆடிக்குள்ளை முடிப்பம்," என்றார் நித்தியானந்தன். "என்ரை பேரப்பிள்ளை பொலோஞ்ஞாச் சூட்டிலைதான் வளரும்."

சொல்லிவிட்டு, மகளுக்கென்று ஒதுக்கிய அறையில் தொடங்காமல் குசினியில் தொடங்கினார். கபிலன் வீட்டில் எல்லாரும் குசினியில்தானே இருந்தார்கள். ஆகவே வீட்டின் நெஞ்சு குசினி. கப்பலில் இத்தாலியிலிருந்து இரும்பு விறகடுப்பு வந்து இறங்கியது. சுவரைப் பூசி, வெடிப்பு விழுந்ததென்று சுரண்டி, மறுபடி பூசினார்கள். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒரு மாடம் விட்டு, முன்னறையிலிருந்த சாமித்தட்டைக் கொண்டுவந்து அதில் வைத்தார். "பிள்ளையாருக்கும் குளிரும்தானே," என்றார். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் குசினியிலேயே போயின. மற்ற அறைகளில் ரேடியேற்றர்கள் குழாய் பொருத்தாமல் சுவரோரம் நின்றன. அவற்றுக்குத் தண்ணீர் சுடவைக்கும் இயந்திரத்தின் ஏதோ ஒரு பாகம் இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தது.

ஆனி பிறந்ததும் விமலாதேவி பொறுமை இழந்தார். கடைக்குப் போய் ஒரு மின் ஹீற்றர் வாங்கிவந்து மகளின் அறையில் போட்டார். மாலையில் வேலையால் வந்த நித்தியானந்தன், சப்பாத்தும் கழற்றாமல் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"பூச்சு இன்னும் ஈரம். உந்தச் சூட்டுக்கு வெடிச்சுப் போகும்."

"வெடிக்கட்டும். சுவருக்கோ பேரப்பிள்ளை பிறக்கப்போகுது?"

"இன்னும் ரெண்டு கிழமை பொறும். ஒழுங்காச் செய்தால் நூறு வரியத்துக்கு நிக்கும்."

"நூறு வரியத்துக்கு ஆரப்பா இஞ்ச இருக்கப்போறது? எனக்கு ஒரு மாசம் காணும்."

அவர் ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். விமலாதேவி அன்று சமைக்கவில்லை. என்ன செய்கிறோம் என்பது இந்த மனிதருக்கு அச்சொட்டாகத் தெரிகிறது, யாருக்காகச் செய்கிறோம் என்பது மட்டும் மறந்துபோகிறது என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கப்பலில் வந்த பாகத்துக்காகக் குழந்தை காத்திருக்கவில்லை. ஆடி பிறந்த கையோடு லக்சிகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வைத்திருந்த தாயிடம் அவள் மெல்லச் சொன்னாள். "அம்மா, டோன்ட் பி அப்செட். நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணினதும் மாமி வீட்ட போறம். பேபிக்கு அங்க வார்மா இருக்கும்." விமலாதேவி, "ஓம் பிள்ளை," என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் விமலாதேவி நேரே குசினிக்குப் போனார். கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். நித்தியானந்தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை படுக்கட்டுமே," என்றார் கடைசியில். "குசினிக்கை. கட்டிலைக் கொண்டந்து போடுவம். இஞ்சை நல்ல சூடுதானே."

விமலாதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைப்பெத்த துடக்கோடை குசினிக்கையோ? சமைக்கிற இடத்திலை, சாமித்தட்டுக்கு முன்னாலையோ? வீட்டிலை சூடான இடம் ஒண்டே ஒண்டு. அது அவள் கால் வைக்கக்கூடாத இடம். இதைத்தானோ நீங்கள் இவ்வளவு நாளும் கட்டினது?"

நித்தியானந்தன் மாடத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். காற்று எங்கே நுழையும், ஈரம் எங்கே தங்கும் என்று ஒவ்வொரு இடுக்காக யோசித்தவருக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. துடக்கு என்ற தீட்டு இருந்தால் கோயிலுக்குப் போகக்கூடாது என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். மிச்சமெல்லாம் பெண்களின் பாடு. "கபிலன் வீட்டிலை..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

விமலாதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோபம் வந்தால் அவருக்குக் கை வேகமாக ஓடும். மாடத்திலிருந்து பிள்ளையாரை எடுத்தார். முருகனை எடுத்தார். விளக்கையும் விபூதித் தட்டையும் எடுத்தார். எல்லாவற்றையும் குளிர்ந்து கிடந்த முன்னறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளையாருக்குக் குளிராது," என்றார் திரும்பி வந்து. "முப்பத்தொண்டு கழியட்டும். நானே கோயிலுக்குப் போய் அபிஷேகம் செய்து மன்னிப்புக் கேக்கிறன். இனி இது குசினி இல்லை. பிள்ளையின்ரை அறை. நிண்டு பாராமல் சட்டி பானையைத் தூக்குங்கோ."

சமையல் கராஜுக்குப் போனது. அரிசி மூட்டையும் காஸ் அடுப்பும் மசாலாப் போத்தல்களும் காருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. கட்டில் குசினிக்கு வந்தது. மறுநாள் காலை வேலைக்கு வந்த வின்ஸ், கோட்டும் தொப்பியுமாகக் கராஜில் மிளகு வறுத்துக்கொண்டிருந்த விமலாதேவியைக் கண்டு நின்றுவிட்டார். தன் தாயும் வீட்டுக்குள் இருக்கும் நல்ல குசினியைத் துடைத்து மினுக்கி வைத்துவிட்டு ஆயுள் முழுக்கக் கராஜில்தான் சமைத்தார் என்றார். "இப்போதுதான் இது உண்மையான இத்தாலி வீடு," என்றும் சொன்னார். விமலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்குக் கீழால் வந்த காற்று கணுக்காலை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு எல்லா இத்தாலியர்கள்மேலும் கோபமாக இருந்தது.

மகளுக்கு ஃபோன் எடுத்தார். "போற வழியிலை ஒருக்கால் வந்து பார். குளிரெண்டால் அப்பிடியே மாமி வீட்டை போ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பிரஷாந்தன் காரின் எஞ்சினை நிறுத்தவில்லை. பைகளையும் இறக்கவில்லை. லக்சிகா குழந்தையைப் போர்வைக்குள் பொத்திப் பிடித்தபடி குசினி வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய்க் கட்டிலில் இருந்தாள். தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நித்தியானந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது விமலாதேவி கண்ணாலேயே அடக்கினார். கொஞ்ச நேரத்தில் லக்சிகா தன் கோட்டைக் கழற்றினாள். குழந்தையின் போர்வையை விலக்கினாள். அதன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியையும் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "பிரஷாந், பேக்ஸ எடுங்கோ," என்று குரல் கொடுத்தாள். விமலாதேவி உலை கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கராஜுக்கு விரைந்தார். அங்கே உலை ஏதும் கொதிக்கவில்லை.

அதனால் நித்தியானந்தன் திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். கப்பலில் வந்த பாகம் அளவு பிழைத்துத் திரும்பிப் போயிருக்கிறது. மகளின் அறைச் சுவரை இன்னொருமுறை சுரண்டப்போவதாகப் பேச்சு. சரக்குக் கறியோடு வரும் விமலாதேவி குசினிக் கதவை முழங்கையால் திறந்தால், "கெதியா, கெதியா," என்று இப்போதும் அவசரப்படுத்துகிறார். ஒருநாள் கறிச்சட்டியை அவர் தலையில் கவிழ்த்துவிடுவேன் என்று விமலாதேவி மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சிவனேஸ்வரி பேத்தியைப் பார்க்க வந்தார். த பேசின் குளிரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தபடியால் கோட்டுக்கு மேல் சால்வையும் போர்த்தி, கையுறையும் போட்டுக்கொண்டு ஆயத்தமாக வந்திருந்தார். வெகுநேரம் அழுத குழந்தை அப்போதுதான் நித்தியானந்தனின் தோளில் கண்ணயர்ந்திருந்தது. சிவனேஸ்வரி கதிரையில் இருந்து மருமகளிடம் சுகம் விசாரித்தார். விசாரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். பிறகு சால்வையை. தேத்தண்ணி பாதி குடிப்பதற்குள் கோட்டும் கதிரை முதுகுக்குப் போய்விட்டது. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கடை வீட்டிலை மெஷின் நிண்டவுடனை குளிர்ந்துபோடும்," என்றார். "இது என்னெண்டு இப்பிடி ஒரே சூடாக் கிடக்கு? என்ன செய்தனீங்கள் அண்ணை?"

இத்தனை காலத்தில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை; கேளாமலேதான் அவர் பதில் சொல்லி வந்தார். கையில் தட்டோடு நின்ற விமலாதேவி, இனிப் பொழுதுபட்டாற்போலத்தான் விளக்கம் முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஒன்றும் வராததால் திரும்பவும் திறந்தார். நித்தியானந்தன் திறந்த வாயோடு, தோளில் கிடந்த சின்னத் தலையைக் கீழ்க்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, சுவரைக் காட்டத் தூக்கிய கையைக் குழந்தையின் முதுகில் வைத்து மெல்லத் தட்டத் தொடங்கினார்.